சிங்கப்பூர்: டியூனர் கார்டு போட்டும் ஒரு சேனலும் வரவில்லை

கணினியில் டிவி பார்க்கப் போட்ட டியூனர் கார்டை விண்டோஸ் காட்டுகிறது, அதே ஆன்டெனா செட்டாப் பாக்ஸில் நன்றாக ஓடியது, கார்டில் சிக்னல் மட்டும் பூஜ்யம் என்கிறீர்கள். அப்படியானால் ஸ்லாட்டை நோண்ட வேண்டாம். கார்டின் பெட்டியைப் பாருங்கள். வெறும் டிவிபி-டி (DVB-T, ஆன்டெனா வழி டிஜிட்டல் டிவியின் பழைய முறை) என்று போட்டிருந்தால் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். சிங்கப்பூரில் ஒளிபரப்பு அதன் அடுத்த தலைமுறையான டிவிபி-டி2. பழைய சிப்புக்கு அது வெறும் இரைச்சல்தான், எந்த மென்பொருளும் உதவாது.

டி2 கார்டுதான் என்றால், சந்தேகம் ஆன்டெனா மேல். செட்டாப் பாக்ஸில் நன்றாக ஓடியது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம். ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) உள்ள ஆன்டெனாவுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் தேவை. பல பாக்ஸ்கள் அதை ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பும். பல கார்டுகள் அனுப்பாது. மின்சாரம் இல்லாத ஆம்ப்ளிஃபயர் சிக்னலை அடைத்துவிடும். யுஎஸ்பியில் செருகி, ஆன்டெனா கேபிளுக்குள் மின்சாரம் கொடுக்கும் பவர் இன்சர்ட்டர் ஒன்று வாங்கி ஆன்டெனாவுக்கும் கார்டுக்கும் நடுவில் போடுங்கள். கேபிளைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் இருந்தால் சோதனை முடியும்வரை கழற்றிவிடுங்கள். இரண்டாகப் பிரித்தாலே சிக்னலில் சுமார் 3.5 டெசிபல், அதாவது பாதிக்கு மேல், போகும்.

ஆன்டெனாவை ஜன்னலோரம் வைத்து, நாடு சிங்கப்பூர், அலைவரிசை அகலம் 8 மெகாஹெர்ட்ஸ் என்று கொடுத்து மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பிறகும் படம் விட்டுவிட்டு வந்தால், கேபினட்டின் பின்பக்கம் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் ஆன்டெனா வயரை ஒட்டிக் கிடக்கிறதா பாருங்கள்; அதன் இரைச்சல் சிக்னலைக் கெடுக்கலாம்.