சுண்டிக்குளம் யார் கையில் இருக்க வேண்டும்?

வணக்கம் அண்ணை,

எங்கள் கிளிநொச்சிப் பக்கத்துச் சுண்டிக்குளம் கடல்நீரேரி தேசிய பூங்காவாக இருப்பதால் எங்களுக்கு என்ன கிடைத்தது? எல்லா முடிவும் கொழும்பில்தான். பிரதேச சபையிடம் கொடுத்தால் பிள்ளைகளுக்கு வேலை வரும், காசு ஊருக்குள் நிற்கும். சபையிடம் போனால் இரண்டு வருடத்தில் மணலும் மரமும் மிஞ்சாது என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

— ஒரு வாசகர், தருமபுரம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கூட்டாளிமாரின் பயம் வீண்பயம் இல்லை. கல்லாற்றுப் பக்கம் மணல் அள்ளிய குழிகளைப் பார்த்தவர்களுக்கு அது விளங்கும். டிப்பர்களை மறிக்கப் பிரதேச சபைக்குப் பலம் போதாது. அதற்கு நாட்டுச் சட்டம்தான் வேண்டும்.

ஆனால் அந்தச் சட்டத்தின் எந்த வகை என்பதில்தான் நான் உங்கள் பக்கம். சுண்டிக்குளம் 1938 இலேயே சரணாலயம்; 2015 இல்தான் தேசிய பூங்கா ஆனது. இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. 1937 ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தனியார் காணி இருக்கலாம், சனம் குடியிருக்கலாம். தேசிய பூங்கா என்றால் முழுக்க அரச காணி. அனுமதிச்சீட்டு வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். பட்டி மாடு மேய்த்தவரும் இறாலுக்கு வலை போட்டவரும் ஒரே வர்த்தமானியில் அத்துமீறி நுழைந்தவர்களாகிவிடுகிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டுக்கும் நடுவே அதே சட்டத்தில் இன்னொரு வகை உண்டு: இயற்கை ஒதுக்கம். அங்கே பரம்பரைத் தொழில்களை அனுமதிக்கலாம். தொழில் நடக்கும் கரையோரத்தை அந்த வகைக்கு மாற்றச் சொல்லித்தான் நாம் கேட்க வேண்டும். சீட்டு, வள்ளம், வழிகாட்டி, குப்பை அள்ளுதல் எல்லாவற்றையும் சபையும் கடற்றொழிலாளர் சங்கமும் பார்க்கட்டும்.

இன்னொன்று. பூநாரை வருவது பூங்கா என்ற பலகையைப் பார்த்து அல்ல. ஆழமில்லாத உவர்நீரும் அதில் இருக்கும் இரையும்தான் அதைக் கூப்பிடுகின்றன. அந்தக் கடல்நீரேரிக்கு நன்னீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது இரணைமடுக் குளத்தைத் தாண்டித்தான் வருகிறது. மாரியில் வான்கதவு திறந்தால் ஏரியின் உப்பு இறங்கும், இறாலின் போக்கும் மாறும். ஆக, நீர்ப்பாசனத் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் இல்லாத ஒரு குழு, அது கொழும்பில் இருந்தாலும் கண்டாவளையில் இருந்தாலும், பாதி ஏரியைத்தான் நிர்வகிக்கும்.

எல்லா இடத்துக்கும் இதே கதை இல்லை. யானை நடமாடும் மடு வீதிக் காடு தேசிய பூங்காவாகவே இருக்கட்டும். பின்னேரம் குடும்பத்தோடு போய் நிற்கிற இரணைமடுக் கட்டோரத்துக்குச் சபையே போதும். அங்கே நிழலும் கழிப்பறையும்தான் தேவை.

அடுத்த சபைக் கூட்டத்துக்குப் போனால், எங்களிடம் தாருங்கள் என்று கேட்க முதல், 2015 எல்லை வரைபடத்தைத் தமிழில் கேளுங்கள். எந்த வள்ளத்துறை, எந்த மேய்ச்சல் தரை உள்ளே போயிருக்கிறது என்று ஊராக்களோடு இருந்து குறியுங்கள். குறித்ததை எனக்கும் அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
அண்ணை