மாடல் கார் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

பேரன் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறான். அவன் அப்பச்சி சிங்கப்பூரிலிருந்து 1/24 அளவில் ஒரு கார் கிட் வாங்கி வந்திருக்கிறார். பெட்டியில் பசையும் இல்லை, பெயிண்டும் இல்லை. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? வேறு என்னென்ன வாங்க வேண்டும்?
*– ஓர் ஆச்சி, தேவகோட்டை*

பெட்டியில் எதுவும் விட்டுப்போகவில்லை, ஆச்சி. இந்த வகைக் கிட்டுக்குப் பசை, பெயிண்ட் எல்லாம் தனியாகத்தான் வாங்க வேண்டும். அடுத்த முறை ஊருக்கு வருபவரிடம் ஸ்ப்ரே கேன் கேட்டுவிடாதீர்கள். தீப்பற்றும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பிளாஸ்டிக் சிமெண்டுக்கும் அதே கதிதான். இரண்டையும் இங்கேயே ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம்.

ஃபெவிக்விக் வேண்டாம். கிட்டின் பாகங்கள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்தவை. தமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற சிமெண்ட் அந்தப் பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து, இரண்டு பாகத்தையும் ஒன்றாக்கிவிடும். பாகங்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கோட்டின் மேல் பிரஷ் நுனியால் தொட்டால் போதும், திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். ஃபெவிக்விக் மேலோட்டமாகத்தான் பிடிக்கும், ஒரு தட்டில் விட்டுப்போகும். குரோம் பூசிய பாகங்களில் மட்டும் ஒரு வேலை உண்டு. ஒட்டும் இடத்திலுள்ள குரோமைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். இல்லையென்றால் சிமெண்ட் பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது.

வாங்க வேண்டியவை: பிளாஸ்டிக் வெட்டும் நிப்பர், பிளேடு மாற்றும் கத்தி, டுவீசர், மாஸ்கிங் டேப், 400, 800, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் ஒவ்வொரு தாள். பாகத்தை, அது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் ஒட்ட நறுக்கினால் அந்த இடம் வெளுத்துக் குழி விழும். முதலில் 2 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, மிச்சத்தைக் கத்தியால் சீவி, 400-லும் 800-லும் தேய்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுப் பழைய பல் பிரஷால் கழுவுங்கள். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசை அதில் இருக்கலாம். இருந்தால் பெயிண்ட் பிடிக்காது. முற்றத்து மடைக்குப் பக்கத்தில் வைத்து மட்டும் கழுவ வேண்டாம். கண்ணாடியும் கைப்பிடியும் மடையில் போனால் போனதுதான். வடிகட்டிக்குள் வைத்துக் கழுவுங்கள்.

ஐப்பசியில் ஒரு மழை நாளில் சிவப்பு ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் பாடி முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. இதே பெயிண்டைச் சித்திரையில் அடித்தபோது வெள்ளை வரவில்லை, ஆனால் உப்புத்தாள் மாதிரிச் சொரசொரப்பாக இருந்தது. எப்போதுதான் அடிப்பது?
*– வாசகர், கோட்டையூர்*

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: தின்னர், அதாவது பெயிண்டை நீர்க்க வைக்கும் கரைப்பான், ஆவியாகும் வேகம்.

உங்கள் கேனில் இருப்பது போன்ற லாக்கர் (சீக்கிரம் காயும்) பெயிண்டின் தின்னர் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது அடித்த பரப்பின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். பரப்பு குளிர்ந்ததும், மழைக்காலக் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நுண்துளிகளாகப் படிந்து, காயும் பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். அதுதான் அந்த வெள்ளை. சித்திரையில் நடப்பது வேறு. கேனிலிருந்து கிளம்பிய துளி பாடியை எட்டுவதற்குள்ளேயே பாதி காய்ந்துவிடும். அங்கே போய்ப் பரவ முடியாமல் மணலாக உட்காரும். அந்த வெயிலில் 30 சென்டிமீட்டர் தள்ளி நின்று அடித்தால் இன்னும் மோசம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை விட்டு ஓரிரு நாள் வெயில் அடித்த பிறகு, காலை பத்து மணிக்கு மேல் அடியுங்கள். ஓரளவு நம்பகமான ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பளபளப்பு பெயிண்டைத் தொடாதீர்கள். கோடையில் வெயில் ஏறும் முன் அடிப்பது நல்லது. கேனுக்கும் பாடிக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர். முதல் இரண்டு கோட்டும் மெல்லிய தூறல்தான், அடியிலிருக்கும் பிரைமர் (அடிப்பூச்சு) தெரிந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொன்றுக்கும் இடையில் 10, 15 நிமிடம். மூன்றாவது கோட்டைத்தான் ஈரமாகப் பளபளக்கும்படி அடிக்க வேண்டும். பாடிக்கு வெளியே தொடங்கி, கை நிற்காமல் ஓட்டி, பாடியைத் தாண்டிய பிறகே விரலை எடுங்கள். பாடிக்கு நேராக அழுத்தத் தொடங்கினால் கொட்டும் முதல் துளி புள்ளியாக நிற்கும்.

கேனைச் சுமார் 40 டிகிரித் தண்ணீரில் சில நிமிடம் நிறுத்திவைத்தால் துளி மெல்லியதாக வரும். கை பொறுக்கும் சூடு, அதற்கு மேல் கூடாது. அடுப்பில் காட்டவே கூடாது. கேனிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும் என்பதால் சாமி அறை விளக்கு, சமையல் கட்டு இரண்டுக்கும் எட்ட நின்று, காற்று வந்துபோகும் இடத்தில், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள். துணி மாஸ்க் தூசியைக்கூடச் சரியாகத் தடுக்காது, ஆவியைத் தடுக்கவே தடுக்காது.

நம் பக்கத்துச் செம்மண் தூசியும் ஒரு பெரிய தொல்லை. திறந்த முற்றத்தில் காற்றடிக்கும்போது ஈரப் பெயிண்டில் செந்துகள் ஒட்டினால் வெள்ளைக் கார் வீணாகிவிடும். அடிக்கும் அறையை முதல் நாளே ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். பெயிண்ட் அடிக்கும் நேரத்தில் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும், ஆனால் ஈரப்பதம் ஏறிவிடும். அடித்து முடித்த பாடியைப் பெரிய டப்பாவால் கவிழ்த்து மூடி வையுங்கள்.

வெள்ளை பூத்த பாடியைத் தூக்கிப்போட வேண்டாம். லேசாக இருந்தால், உலர்ந்த ஒரு நாளில் அதே பெயிண்டை மெல்லிய ஈரக் கோட்டாக மேலே அடித்தால் அந்தக் கரைப்பான் பழைய படலத்தை இளக்கி ஈரத்தை விடுவித்துவிடும். சொரசொரப்புக்கு, ஒரு வாரம் காயவிட்டு, 1500, 2000, 3000 எண் வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். கதவு விளிம்பிலும் பானெட் முனையிலும் பெயிண்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே அழுத்தினால் பிளாஸ்டிக் தெரிந்துவிடும். அந்த விளிம்புகளில் டேப் ஒட்டிக்கொண்டு தேயுங்கள்.

கார் டிங்கர் கடைகளில் கிடைக்கும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் கலந்த பெயிண்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் அது நேராகப் பட்டால் பரப்பு கரைந்து விரிசல் விடும். இன்னொன்றும் முக்கியம்: லாக்கர் மேல் எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) போகலாம், எனாமல் மேல் லாக்கர் போனால் சுருங்கிவிடும்.

சிவப்பு பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தால் ரோஸ் நிறமாகிறதே?
*– வாசகி, பள்ளத்தூர்*

பிளாஸ்டிக்கின் சிவப்புச் சாயம் தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. எத்தனை கோட் வெள்ளை அடித்தாலும் ஏறிக்கொண்டே இருக்கும். முதலில் ஒரு கோட் சில்வர் அடித்து நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் வெள்ளை பிரைமர், பிறகு வெள்ளை.

எஞ்சினில் பிளக் வயர் இழுக்க ஆசை. எந்தக் கம்பி சரியாக இருக்கும்?
*– வாசகர், கானாடுகாத்தான்*

நிஜ பிளக் வயரின் தடிமன் 7 முதல் 8 மில்லிமீட்டர். 1/24 கிட்டுக்கு 24-ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர் சொச்சம். டெலிபோன் கம்பி 0.5 மில்லிமீட்டர், நிஜத்தில் அது 12 மில்லிமீட்டர்க் குழாயாகத் தெரியும், வேண்டாம். பழைய சிறு மோட்டார் அல்லது டிரான்ஸ்ஃபார்மரில் சுற்றியிருக்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பியில் 0.3 கிடைக்கும்.

பின் வைஸில் (விரலால் சுழற்றும் சின்னத் துளைப்பான்) 0.4 மில்லிமீட்டர் டிரில் பிட் மாட்டி, ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் துளை போடுங்கள். நான்கு சிலிண்டருக்கு ஐந்து துளை: நான்கு பிளக்குக்கு, ஒன்று மின்சாரம் தரும் காயிலுக்கு. ஆறு சிலிண்டருக்கு ஏழு, வி-8 என்றால் ஒன்பது. துளைக்கும் இடத்தில் முதலில் ஊசியால் குத்திக் குழி வைத்துவிட்டால் பிட் வழுக்காது. பக்கவாட்டில் துளியும் சாய்க்காதீர்கள், பிட் ஒடிந்து துளைக்குள்ளேயே நின்றுவிடும்.

மூடியில் வயர்களை இஷ்டத்துக்கு மாட்டினால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடும். அம்பாசடர் போன்ற நான்கு சிலிண்டர் எஞ்சினில் சிலிண்டர்கள் எரியும் வரிசை 1-3-4-2. பழைய செவர்லே சிறிய வி-8-இல் 1-8-4-3-6-5-7-2. மூடிக்குள் இருக்கும் ரோட்டார் சுழலும் திசையில் அந்த வரிசைப்படி மூடியில் வயரை வைத்து, ஒவ்வொன்றையும் அதன் சிலிண்டருக்குக் கொண்டுபோங்கள். இங்கே மட்டும் ஃபெவிக்விக் சரி, ஊசி நுனியில் தொட்டு.

டீக்கால் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளைத் திட்டு. ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய ஜன்னல் பிளாஸ்டிக்கும் மங்கிவிட்டது.
*– வாசகர், காரைக்குடி*

திட்டுக்குக் காரணம் இரண்டு. ஒன்று போர்வெல் தண்ணீரின் உப்பு. பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த தண்ணீரை வாங்கி ஊறவையுங்கள். லேபிளைப் பார்த்து வாங்குங்கள், பேட்டரி ஆசிட் வேறு. இன்னொன்று, மேட் (பளபளப்பில்லாத) பெயிண்டின் மேடுபள்ளத்துக்கு இடையில் மாட்டிக்கொள்ளும் காற்று. டீக்கால் ஒட்டுவதற்கு முன் பளபளப்பு கிளியர் (நிறமில்லா மேல்பூச்சு) ஒரு கோட் அவசியம். ஏற்கெனவே ஒட்டியதில் காற்றுத் திட்டு இருந்தால், ஊசியால் நுண்ணிய துளைகள் குத்தி டீக்கால் சாஃப்ட்னர் (டீக்காலை இளக்கும் திரவம்) தொட்டால் ஓரளவு இறங்கும்.

ஜன்னல் மங்கியது ஃபெவிக்விக் ஆவியால். 3000 எண் பேப்பரில் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். இனிமேல் கண்ணாடிப் பாகத்துக்கு, காய்ந்தால் நிறமின்றித் தெரியும் வெள்ளைப் பசைதான்.

முடித்த காரை ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நிற்பதுபோல் வைக்க வேண்டும். அளவு எப்படி?
*– வாசகி, ஆத்தங்குடி*

8 அங்குலக் கல் 1/24-இல் சுமார் 8.5 மில்லிமீட்டர், 10 அங்குலக் கல் 10.6. உங்கள் வீட்டுக் கல்லை நேர் மேலிருந்து படமெடுத்து, அந்த அளவுக்குச் சுருக்கி வரிசையாக அடுக்கி, மேட் போட்டோ பேப்பரில் அச்சிடுங்கள். 4.3 மீட்டர்க் கார் 18 சென்டிமீட்டர் வரும். 25-க்கு 16 சென்டிமீட்டர்ப் பலகை போதும். கற்களை நெருக்கிப் பதிப்பதுதான் வழக்கம் என்பதால் இடையில் அகலமான கோடு விடாதீர்கள். நிஜக் கல்லைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்ப்பதால் அதற்கென்று ஒரு வழுவழுப்பு உண்டு. முழுப் பளபளப்பு கிளியரை விட அரைப் பளபளப்பான செமி-கிளாஸ்தான் அதற்கு நெருக்கமாக வரும்.

கிட்டின் டயர் மென்மையான வினைலாக இருந்தால், அதை மென்மையாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் கசிந்து நாளடைவில் பெயிண்டையும் பாலிஸ்டைரீனையும் அரிக்கும். வீல் விளிம்பில் அலுமினிய டேப் ஒரு சுற்று ஒட்டிய பிறகு டயரை மாட்டுங்கள். தரையில் டயர் தொடும் நான்கு இடத்திலும் அதே டேப்பைச் சின்னத் துண்டாக வெட்டி ஒட்டிவிடலாம், மேலிருந்து பார்த்தால் தெரியாது.