கையில் பணம் குறைவு. முதல் கேமிங் கணினியை இப்போதே கட்டலாமா, இன்னும் சேர்த்துவிட்டுக் கட்டலாமா?

இப்போதே தொடங்குங்கள். முழுக் கணினியையும் ஒரே மூச்சில் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இதே கேள்விக்கு வந்திருக்கும் மற்ற பதில்களையும் படித்தேன். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு (விளையாட்டின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் தனிப் பாகம்) வாங்கும் அளவுக்குப் பணம் சேரும்வரை பொறுங்கள், இந்தத் தொகைக்குக் கட்டினால் வீண் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குச் சுருக்கென்றது. நான் கட்டியபோதும் என்னிடம் இதைத்தான் சொன்னார்கள். சேர்த்து வைக்க முடிகிறவர்களுக்கு அந்த அறிவுரை சரி. மாதக் கடைசியில் மிஞ்சுவதே கொஞ்சம், அதற்கும் ஏதாவது ஒரு செலவு வந்து நிற்கும் என்றிருப்பவரிடம் இன்னும் ஓராண்டு பொறு என்றால், அவர் அந்தப் பணத்தை வேறெதற்கோ எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார். நீங்களும் அப்படிப்பட்ட நிலையில்தான் இருப்பீர்கள் என்று எண்ணி எழுதுகிறேன். இல்லையென்றால் இந்தப் பதில் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

காத்திருந்தால் விலை இறங்கும் என்பதையும் நம்பிவிடாதீர்கள். 2020 இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் கிராஃபிக்ஸ் கார்டுகள் நிறுவனங்கள் அறிவித்த விலைக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. சிப் தட்டுப்பாடு ஒருபக்கம், எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங்குக்காகக் கார்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனவர்கள் மறுபக்கம். 2025 இறுதியில் ரேமுக்கு (கணினியின் தற்காலிக நினைவகம்) அதே நிலை வந்தது. மெமரி சிப்கள் ஏஐ டேட்டா சென்டர்களின் பக்கம் திரும்பிவிட, வீட்டுக் கணினிக்கான ரேம் மளமளவென்று விலை ஏறியது. பொறுத்திருந்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள்.

நான் கட்டியது அந்தக் கார்டுப் பஞ்சத்தின் நடுவில். என்னிடம் இருந்த தொகைக்குக் கார்டு வாங்கினால் மற்ற எதையும் வாங்க முடியாது. அப்போதுதான் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி என்ற பிராசசர் சில்லறை விற்பனைக்கு வந்திருந்தது. 6 கோர், 12 த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் 12 வேலைகளைக் கையாளும். உள்ளேயே வேகா என்ற கிராஃபிக்ஸ் பகுதியும் உண்டு. தனிக் கார்டு இல்லாமலே திரையில் படம் வரும், கொஞ்சம் விளையாடவும் முடியும். அதை வாங்கி, பிறகு ஒரு நாள் வரப்போகிற கார்டுக்கு இடம் வைத்துக் கணினியைக் கட்டினேன். நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்: இன்றைக்கு வாங்கும் பாகங்களில் எது ஐந்தாறு ஆண்டுகள் கூடவே இருக்கப்போகிறது, எது நடுவில் மாறப்போகிறது என்று பிரித்துப் பாருங்கள். கூடவே இருக்கப்போவதில் கஞ்சத்தனம் வேண்டாம். மாறப்போவதை இப்போதைக்கு எளிமையாக வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இருப்பதில் முதலாவது, மற்ற பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் தரும் பவர் சப்ளை. பட்ஜெட் பட்டியல்களில் எல்லோரும் முதலில் கத்தி வைப்பது இதன்மேல்தான், அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். பக்கவாட்டில் ஒரு சிறிய அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதில் 12 வோல்ட் என்ற கட்டத்தைத் தேடுங்கள், அதன் கீழே ஆம்பியர் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் மின்சாரத்தைப் பெரும்பாலும் அந்த 12 வோல்ட் பாதையில்தான் எடுத்துக்கொள்கின்றன. 500 வாட் என்று விற்கிற ஒன்றில் அங்கே 25 ஆம்பியர் என்றிருந்தால், உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது 300 வாட்தான். மீதி எல்லாம் 3.3 வோல்ட், 5 வோல்ட் பாதைகளைக் கூட்டிக் காட்டிய கணக்கு. நான் தேர்ந்தெடுத்த 550 வாட் பவர் சப்ளையில் 45 ஆம்பியர் என்று இருந்தது, அதாவது 540 வாட். 80 ப்ளஸ் முத்திரையும் இருந்தது. ஆனால் அந்த முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் வந்து சேருகிறது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களின் தரத்துக்கோ, மின்னழுத்தம் எகிறினால் தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புக்கோ அது சான்று ஆகாது.

அடுத்தது ரேம். உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கென்று தனி மெமரி கிடையாது, கணினியின் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஆகவே 16 ஜிபி வேண்டும் என்றால் ஒரே 16 ஜிபி துண்டாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். டிடிஆர்4 என்ற தலைமுறையின் 3200 வேக ரேம் ஒற்றைத் துண்டாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி தரவைக் கொண்டுவரும். இரண்டு துண்டுகள் சரியான இடத்தில் இருந்தால் 51.2. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கு இந்த இரட்டிப்பு கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம். ரேம் செருக நான்கு இடங்கள் உள்ள மதர்போர்டுகளில் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பலகை) பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் அந்தச் சரியான இடங்கள். கையேட்டில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மறக்காமல் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்குங்கள். இயக்காவிட்டால் 3200 என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம் பெரும்பாலும் 2133-லோ 2400-லோதான் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் உங்களுக்கு வந்து சொல்லப்போவதில்லை.

மதர்போர்டு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியை நேரடியாகச் செருகும் எம்.2 இடம் ஒன்றாவது இருக்கட்டும். பழைய சரக்காக இருந்தால் பயாஸ் பழையதாக இருந்து புதிய பிராசசரை அடையாளம் காணாமல் போகலாம். பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி உள்ள போர்டு என்றால் பிராசசர் இல்லாமலே யுஎஸ்பி டிரைவ் வைத்துப் புதுப்பித்துவிடலாம். கேபினட்டுக்கு முன்பக்கம் காற்றுப் போகிற வலை இருந்தால் போதும். கண்ணாடிக்கும் வண்ண விளக்குகளுக்கும் கொடுக்கிற பணத்தை எஸ்எஸ்டியில் போடுங்கள். அந்த எஸ்எஸ்டியிலும் மிக வேகமானது தேவையில்லை. பழைய சாட்டா இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில்தான் நிற்கும் என்றாலும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதற்கு மாறும்போது தெரிகிற மாற்றம், அதிலிருந்து இன்னும் வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாறும்போது விளையாட்டுகளில் அவ்வளவாகத் தெரியாது.

இப்படிக் கட்டிய கணினியில் என்ன விளையாட முடிந்தது என்று கேட்பீர்கள். போட்டி விளையாட்டுகள் 1080பியில், அமைப்புகளைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடின. பெரிய புதிய விளையாட்டுகளை 720பிக்கு இறக்கினேன். 2021-இல் வந்த எஃப்எஸ்ஆர் கைகொடுத்தது: குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் தொழில்நுட்பம், உள்ளமைந்த கிராஃபிக்ஸிலும் வேலை செய்யும். புல்வெளி தூரத்தில் மங்கலாகத்தான் தெரிந்தது. எனக்கு அது குறையாகப் படவில்லை. அதுவரை பிறர் விளையாடுவதைக் காணொளியில் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

உடனே ஒருவர் வந்து, 5600ஜியின் எல்3 கேச் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) 16 எம்பிதானே, சாதாரண 5600-இல் 32 எம்பி இருக்கிறதே என்பார். உண்மை. கார்டோடு பேசும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸில் 5600ஜி பழைய 3.0 மட்டும்தான் என்பார். அதுவும் உண்மை. இரண்டுமே தெரிந்துதான் வாங்கினேன். 5600-இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு வாங்கும்வரை கறுப்புத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்டெல்லில் எஃப் என்று முடியும் பிராசசர்களும் அப்படியே. 5600ஜி பொருந்தும் ஏஎம்4 சாக்கெட் பழையதாகிவிட்டதே என்பவர்களுக்கு: ஆம், ஏஎம்5 2022-இல் வந்தது, 2024-இல் வந்த 8600ஜியின் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் இன்னும் வலுவானது. ஆனால் ஏஎம்5-க்கு டிடிஆர்5 ரேம்தான் போட முடியும். கையிலுள்ள தொகை அதையும் தாங்கினால் தாராளமாக அதற்கே போங்கள். வழி ஒன்றுதான், பாகங்களின் பெயர் மட்டுமே மாறும். கன்சோல் வாங்கலாமே என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. எனக்குப் படிப்புக்கும் வேலைக்கும் கணினி எப்படியும் தேவைப்பட்டது.

2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் முறையையே கைவிட்டது. மைனிங் செய்துகொண்டிருந்த கார்டுகள் பழைய பொருள் சந்தையில் வந்து குவிந்தன. அப்போதுதான் நான் கார்டு தேட ஆரம்பித்தேன். ஒருவர் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 கார்டு, 8 ஜிபி என்று விளம்பரம் போட்டிருந்தார். நேரில் போய், ஓடுகிற கணினியில் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். மாட்டிக் காட்டினார். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து ஷேடர்ஸ் (கார்டில் படம் வரையும் சிறு அலகுகளின் எண்ணிக்கை) என்ற கட்டத்தைப் பார்த்தேன். 2048 என்றிருந்தது. அசல் ஆர்எக்ஸ் 580-இல் அது 2304 இருக்க வேண்டும். 2018-இல் சீனச் சந்தைக்காக அதே பெயரில் குறைத்து வெளியிட்ட வகை அது, ஏறக்குறைய ஆர்எக்ஸ் 570-தான். கணினியை அணைக்கச் சொல்லிவிட்டு விசிறியின் நடுக்குமிழை விரலால் மெல்ல அசைத்துப் பார்த்தேன். ஒரு விசிறி பக்கவாட்டில் ஆடியது, பேரிங் தேய்ந்திருந்தது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

இங்கே கேள்விக்குத் தொடர்பில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று துணைக்குத் தம்பியையும் அழைத்துப் போயிருந்தேன். அவனுக்குக் கணினி பாகங்களில் ஆர்வமே கிடையாது. போனதும் அந்த மனிதர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்கா வாங்குகிறீர்கள்?" என்பது. எனக்குத்தான் என்றேன். அதன் பிறகும் மைனிங்கில் ஓடியதா, வெப்பம் கடத்தும் தெர்மல் பேஸ்ட் மாற்றினீர்களா, ரசீது இருக்கிறதா என்று நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவனைப் பார்த்தே, "சார், சார்" என்று பதில் சொன்னார். ஷேடர் எண்ணிக்கையைக் காட்டி இது அந்தக் கார்டு இல்லையே என்றபோதும், "சார், நீங்களாவது சொல்லுங்கள்" என்று அவனிடமே முறையிட்டார். வேறு இடங்களிலும் இது நடந்திருக்கிறது. ஆன்லைன் ஆட்டங்களில் மைக்கைத் திறந்தால் நடப்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. தன் சம்பாத்தியத்தில், தானே படித்துத் தெரிந்துகொண்டு ஒரு பொருளை வாங்க வரும் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில் என்ன குறைந்துவிடும்? இதற்கும் உங்கள் பட்ஜெட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதப் போகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவர் பெண்ணாக இருந்தால் சம்பந்தம் இருக்கிறது.

பிறகு வேறொருவரிடம், விளையாட மட்டுமே பயன்படுத்திய ஆர்எக்ஸ் 6600 ஒன்று ரசீதோடு கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த மாலையில்தான் முன்பு பவர் சப்ளைக்குக் கொடுத்த பணத்தின் அருமை தெரிந்தது. 132 வாட் கார்டு, ஒரே ஓர் 8 பின் இணைப்பு. கேபினட்டுக்குள் சுருட்டி வைத்திருந்த கேபிளை அவிழ்த்துச் செருகினேன், வேலை முடிந்தது. வேறெதையும் மாற்றத் தேவை வரவில்லை. மலிவான பவர் சப்ளை வாங்கியிருந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் தேட வேண்டியிருந்திருக்கும். அந்தக் கார்டின் சொந்த மெமரி நொடிக்கு 224 ஜிபி தரும். மேலே சொன்ன 51.2-உடன் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தூரத்துப் புற்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

கார்டு வரும் நாளில் இரண்டைக் கவனியுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றிக் கார்டில் செருகுங்கள். கழற்றாமலே புதுக் கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டராக இருந்தால் விண்டோஸ் அமைப்புகளில் போய் 144 என்று நீங்களே தேர்ந்தெடுங்கள், பல நேரங்களில் அது 60-லேயே நின்றிருக்கும்.

அலுவலகங்கள் கழித்துக் கட்டும் பழைய கணினியை வாங்கி அதில் கார்டு போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். போடலாம், மிகக் குறைந்த தொகைக்கு அதுவும் ஒரு வழி. ஆனால் பெரிய நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் பலவற்றில் பவர் சப்ளையும் போர்டும் அவர்களுக்கே உரிய வடிவில் இருக்கும், கார்டுக்கான தனி மின் கேபிள் இருக்காது. அப்போது மதர்போர்டில் கார்டைச் செருகும் இடமே தருகிற 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாகப் பார்க்க வேண்டும், தனி மின் இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 வகை போல. குட்டையான கேபினட் என்றால் கார்டும் குட்டையான வகையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசர்களை, ஒரு சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. லினக்ஸ் போடுவதாக இருந்தால் நீங்கள் விளையாடும் ஆட்டத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் அதில் ஓடுமா என்று முதலில் பாருங்கள்.

உங்கள் தொகை எவ்வளவு, எந்த விளையாட்டுகள், மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறதா என்பதைக் கீழே எழுதினால் ஒரு பட்டியல் போட்டுத் தருகிறேன். பவர் சப்ளை ஏதாவது பார்த்து வைத்திருந்தால் அதன் முழு மாடல் பெயரையும், பக்கவாட்டு அட்டவணையின் படத்தையும் சேர்த்துப் போடுங்கள். வாட் எண்ணை மட்டும் எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.