அப்ரண்டிஸ் 9,600 நல்லதா, கான்ட்ராக்ட் 13,000 நல்லதா?

கேள்வி: மகன் ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறான். ஓசூரில் ஒரு கம்பெனி ஓராண்டு அப்ரண்டிஸாக மாதம் 9,600 ரூபாய்க்குக் கூப்பிடுகிறது. அதில் 1,500 அரசு தருமாம். இன்னோர் இடத்தில் கான்ட்ராக்ட் வேலை, 13,000. என் தையல் வருமானத்தில் வீடு ஓடிவிடும். ஆனால் குழுக் கடன் தவணை 2,400 ரூபாயை மாதம் 5-ம் தேதி கட்டியாக வேண்டும். எதற்கு அனுப்புவது?
- வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: 13,000 அப்படியே கைக்கு வராது. முழுத் தொகைக்கும் பிஎஃப் பிடித்தால் 12 சதவீதம், அதாவது 1,560 போகும். இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், 98 ரூபாய். மிச்சம் 11,342. அப்ரண்டிஸ் சட்டப்படி சேருபவருக்கு இந்த இரண்டு பிடித்தமும் இல்லை. ஆக, வித்தியாசம் மாதம் 1,742, ஆண்டுக்கு 20,904. பிஎஃப் சேமிப்பும் கம்பெனி பங்கும் இல்லாமல் போவதை இதற்குமேல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இழப்புக்கு ஈடாகக் கிடைப்பது, ஆண்டு இறுதித் தேர்வில் தேறினால் வரும் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ். கான்ட்ராக்டில் மூட்டை தூக்கும் வேலை என்றால் அப்ரண்டிஸுக்கே அனுப்புங்கள். கான்ட்ராக்டிலும் ஃபிட்டர் வேலைதான், பிஎஃப் கணக்கும் உண்டு என்றால் 13,000 மோசமில்லை. "சான்றிதழ் இருந்தால் ரயில்வேயில் 20 சதவீத ஒதுக்கீடு" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது ரயில்வேயிலேயே பயிற்சி முடித்தவர்களுக்கு.

சேரும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பயிற்சி ஒப்பந்தம் பதிவாகுமா, ஒப்பந்த எண் தருவார்களா? வெறும் 'டிரெய்னி' கடிதம் கொடுத்தால் அரசுப் பணமும் இல்லை, சான்றிதழும் இல்லை. அப்படியானால் கணக்கே மாறிவிடும், கான்ட்ராக்ட் வேலைதான் மேல். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், பயிற்சி முடிந்ததும் வேலை தர வேண்டிய கட்டாயம் கம்பெனிக்குப் பொதுவாக இல்லை.

அப்ரண்டிஸ் உதவித்தொகையில் அரசின் பங்கு 25 சதவீதம், உச்சவரம்பு மாதம் 1,500. 2023 முதல் இது கம்பெனி வழியாக வராமல் மகனின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. சிக்கலும் இங்கேதான். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, மானியம் வாங்குவதற்காகக் கணக்கை ஆதாரோடு இணைப்பது வேறு. கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தீர்களோ அதில்தான் பணம் விழும். பள்ளி நாளில் உதவித்தொகைக்குத் திறந்து மறந்துபோன கணக்கில் போய்ச் சேருவது சகஜம். மைஆதார் தளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். ஐடிஐ சான்றிதழிலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது தவணை. ஒரு மாத உதவித்தொகையைக் கம்பெனி அடுத்த மாதம் 10-ம் தேதிக்குள் தரலாம். மகன் ஜூலை 1-ல் சேர்ந்தால் முதல் பணம் ஆகஸ்ட் 10-ல் வரக்கூடும். அதற்குள் ஜூலை 5, ஆகஸ்ட் 5 என இரண்டு தவணை வந்துவிடும். 4,800 ரூபாயும் 40 நாள் பஸ், சாப்பாட்டுச் செலவும் கையில் இருந்தால்தான் சேரச் சொல்லுங்கள். இல்லையென்றால் தவணை நாளை 12-ம் தேதிக்கு மாற்ற முடியுமா என்று குழுவில் இப்போதே கேளுங்கள்.

முதல் மூன்று மாதம் 8,100 மட்டும் வரும் என்றே திட்டமிடுங்கள். அரசின் 1,500 தாமதமாகலாம். அதன்பிறகும் வரவில்லை என்றால் முதலில் மனிதவளப் பிரிவில், மாதாந்திர விவரத்தைத் தளத்தில் ஏற்றினார்களா என்று கேளுங்கள். ஏற்றியிருந்தால், ஒப்பந்த எண்ணோடு வங்கிக்குப் போய் ஆதார் இணைப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.