மணி பிளான்ட் துண்டைத் தண்ணீரில் வைத்தால் அழுகிவிடுகிறது, வேரே வருவதில்லை. என்ன செய்யலாம்?

முதலில் எங்கே வெட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான்.

மணி பிளான்ட் கொடியைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தால், இலைக்காம்பு தண்டில் சேரும் இடம் லேசாகப் புடைத்திருக்கும். அதுதான் கணு. அதை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் சின்னதாக ஒரு முண்டு துருத்திக்கொண்டிருக்கும். வேர் அங்கிருந்துதான் கிளம்பும், புதுத் துளிரும் கணுவிலிருந்துதான் வரும். ஆகவே கணுவுக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டு, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். அழகாக இருக்கிறதே என்று வெறும் இலையைக் காம்போடு கிள்ளி வைத்தால், சில சமயம் வேர்கூட விடும், மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ஆனால் கொடியாக வளராது.

துண்டுக்கு இரண்டு இலை போதும். கணு தண்ணீருக்குள் இருக்கட்டும், இலை மூழ்கக் கூடாது. மூழ்கிய இலைதான் முதலில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும் என்பதால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம். பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் வேர் தெரியும்.

வேர் 3 முதல் 5 செ.மீ. வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள். பாட்டிலில் சுருண்டு கிடக்கும் நீள வேரைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீருக்கே பழகிய வேர் மண்ணில் திணறும். நட்ட முதல் இரண்டு வாரம் மண் காயாமல் ஈரப்பதமாக இருக்கட்டும். சொதசொதவென்று வேண்டாம்.

ஸ்நேக் பிளான்ட்டுக்கு இந்தக் கணு விதி கிடையாது. இலையையே துண்டு போட்டு, வெட்டுவாய் காய இரண்டு நாள் வைத்து, மண்ணில் செருகலாம். ஆனால் எது மேல், எது கீழ் என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். வேரைத் தூண்டும் ஆக்சின் ஹார்மோன் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் போகும். தலைகீழாக நட்டால் வேர் வராது. இன்னொன்று, மஞ்சள் ஓரம் உள்ள வகையை இலைத் துண்டிலிருந்து வளர்த்தால் வரும் கன்று வெறும் பச்சையாக இருக்கும். மஞ்சள் வேண்டுமென்றால் பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி.

இப்போது அழுகத் தொடங்கியிருக்கும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கொழகொழவென்று ஆன பகுதி முழுவதையும் நறுக்கிவிட்டு, மேலே கெட்டியான கணு ஒன்று மிச்சமிருந்தால், கழுவிய பாட்டிலில் புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி வையுங்கள்.