மார்க் போடலாம், பேராசிரியரே!

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் ‘படைப்பாற்றல்’ என்பதையும் கற்றல் விளைவுகளில் சேர்த்து, இந்த செமஸ்டரிலிருந்து மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். அது பிறவியிலேயே வரவேண்டியது இல்லையா? அதற்கெல்லாம் மார்க் போட முடியுமா?
– உதவிப் பேராசிரியர் ஒருவர், கோவை

பதில்: முடியும். சொல்லப்போனால் ஏற்கெனவே போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள், தப்பாக. உங்கள் இன்டர்னல் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். கேள்விக்கு எதிரே கே-1, கே-2 என்று அச்சாகியிருக்குமே! கேள்வி எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்பதற்கான படி எண் அது. அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் ப்ளூம் குழுவினர் 1956-ல் வகுத்த அந்தப் படிநிலையை ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001-ல் திருத்தியபோது ‘படைத்தல்’ உச்சிக்குப் போனது. அதுதான் உங்கள் கே-6. கேள்வி ‘டிசைன்’ என்று தொடங்கினால் போதும், கே-6 முத்திரை விழுந்துவிடும். அதே கேள்வி போன வருஷமும் வந்திருக்கும், விடை கொஸ்டின் பேங்க்கில் இருக்கும். அதை நெட்டுருப் போட்டு 13 மார்க் வாங்கிய பையன் ‘படைத்தான்’ என்று பதிவேடு சொல்கிறது. கல்லூரிப் படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் என்.பி.ஏ. குழு வந்தால் காட்ட அழகான அட்டவணையும் தயார்.

பிறவிக் கொடை என்ற வாதத்தில் அதிக நேரம் நிற்க வேண்டாம். கணக்கும்தான் சிலருக்குச் சுலபமாக வருகிறது. அதற்காகக் கணக்குப் பரீட்சையை நிறுத்திவிட்டோமா?

எப்படி மதிப்பிடுவது என்பதற்கு நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கிண்டியில் அண்ணா பல்கலையின் கட்டடக்கலைப் பள்ளி இருக்கிறது. எந்தக் கட்டடக்கலைக் கல்லூரியிலும் நடக்கும் ‘ஜூரி’யைப் பார்த்திருக்கிறீர்களா? மாணவி தன் வரைபடங்களைச் சுவரில் குத்தி வைத்துவிட்டு எதிரே நிற்பாள். வெளியிலிருந்து வந்த கட்டடக் கலைஞர்கள், “படிக்கட்டை ஏன் மேற்கே வைத்தாய்?” என்று குடைவார்கள். முதலில் கிழக்கே போட்டதையும், அது ஏன் சரிவரவில்லை என்பதையும் அவள் சொல்லியாக வேண்டும். (அங்கேயும் அழவைப்பதையே மதிப்பீடாக நினைக்கும் ஆசாமிகள் உண்டு. அதை மட்டும் விட்டுவிடுங்கள்.)

ஆளுக்கு ஆள் ரசனை மாறாதா என்பீர்கள். தெரேசா அமபைல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1982-ல் இதற்கு ஒரு வழி சொன்னார். சிறுமிகள் செய்த காகித ஒட்டுப்படங்களைத் துறை தெரிந்த பலரிடம் கொடுத்தார். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல், படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பிடச் சொன்னார். படைப்பாற்றலுக்கு இலக்கணம் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படியும் அவர்கள் கணிப்புகள் பெருமளவு ஒத்துப்போயின. ஆகவே ஒற்றை ஆளாக மார்க் போடாதீர்கள். பக்கத்துத் துறை நண்பர் இரண்டு பேரைக் கூப்பிட்டு, தனித்தனியே போட்டுவிட்டு, பிறகு ஒப்பிடுங்கள்.

உங்கள் நிஜமான சிக்கல் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் இருக்கிறது. காசு கொடுத்தால் தலைப்பு, பேஸ் பேப்பர் (அடிப்படையாகக் காட்டும் ஆய்வுக் கட்டுரை), கோட், ரிப்போர்ட் எல்லாம் ப்ராஜெக்ட் சென்டரிலேயே கிடைக்கிறது. வைவாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும் பயிற்சி உண்டு. அது ஏன் இத்தனை செழிப்பாக ஓடுகிறது? கடைசி நாளில் ‘அவுட்புட்’ வராவிட்டால் மார்க் இல்லை என்று நீங்கள் வைத்திருப்பதால்! புதிதாக ஒன்றை முயன்றவனுக்குத்தான் அவுட்புட் வராமல் போகும் ஆபத்து அதிகம். விலைக்கு வாங்கியவனுக்கு எல்.இ.டி. தவறாமல் எரியும்.

தலைப்பு முடிவாகும் ஜீரோத் ரிவியூவிலிருந்தே குறிப்பேடு கேளுங்கள். தேதி போட்டு, கையால் எழுதியது. எதை முயன்றோம், எதைக் கைவிட்டோம், ஏன் என்பது அதில் இருக்க வேண்டும். பாதி மார்க் அதற்கு. சென்சாரை மாற்றினீர்களா, ஏன் என்று குழுவில் எல்லோரையும் தனித்தனியே கேளுங்கள். சர்க்யூட் ஓடாவிட்டாலும், ஏன் ஓடவில்லை என்று சரியாகக் கண்டுபிடித்த குழு நல்ல மார்க் வாங்கட்டும்.

ஹெச்.ஓ.டி. விடமாட்டார் என்று அடுத்த கடிதம் எழுதாதீர்கள். அண்ணா பல்கலையின் 2021 விதிமுறைப்படி தியரி பாடத்திலேயே 40 மார்க் கல்லூரியின் கையில். அதில் ஒரு அசைன்மென்ட்டில் தொடங்கலாம். 60 பேருக்கு எங்கே நேரம் என்கிறீர்களா? நாலு பேருக்கு ஒரு குழு என்றால் 15 குழு. குழுவுக்குப் பத்து நிமிஷம் வைத்தாலும் இரண்டரை மணி நேரம். கற்றல் விளைவுகள் எவ்வளவு எட்டப்பட்டன என்று காட்டும் அட்டெயின்மென்ட் கணக்குக்காக எக்செல் முன்னால் அதைவிட அதிக நேரம் உட்காருகிறீர்கள்.