கேள்வி-பதில்: நுரையீரல் டெஸ்ட் சேர்ந்த பேக்கேஜ்

கேள்வி: வாட்ஸ்அப்பில் பால் பம்ப் விளம்பரம் பார்த்து 180 வெள்ளி அனுப்பினேன். பொருள் வரவில்லை. கடைப் பெயரும் தெரியாது.

பதில்: பெயர் தெரியாத ஆளுக்கு ஏன் பணம் அனுப்பினீர்கள்? இன்றே மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அழையுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 37 வாரம். சிக்கல் எதுவும் இல்லை. தீபாவளிக்கு முன்பே ஆபரேஷன் செய்யலாம், பனிக்குட நீரில் நுரையீரல் டெஸ்ட் எடுத்தால் பயமில்லை என்கிறது ஒரு தனியார் கிளினிக். பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா? (சுங்கை சிப்புட் தோட்டம்)

பதில்: கட்டாதீர்கள். டெஸ்ட் பொய்யில்லை. சிசுவின் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் பனிக்குட நீரிலும் கலக்கும். அந்த நீரிலுள்ள லெசித்தின், ஸ்பிங்கோமைலின் என்ற இரு கொழுப்புகளின் விகிதத்தை 1971-இல் அமெரிக்க மருத்துவர் குளுக்கின் குழுவினர் அளந்து காட்டினார்கள். 2-க்கு மேல் வந்தால் நுரையீரல் பெரும்பாலும் தயார்.

ஆனால் நீரை எடுக்க வயிற்றில் ஊசி குத்த வேண்டும். ரத்தம் கலந்தால் முடிவு தடுமாறும். முடிவு நன்றாக வந்தாலும், பிள்ளை பால் குடிக்குமா, உடல் சூடு நிற்குமா, மஞ்சள் காமாலை வருமா என்று அது சொல்லாது. அதனால்தான் தகுந்த மருத்துவக் காரணம் இல்லாமல் 39 வாரத்துக்கு முன் பிள்ளையை எடுக்க இந்த டெஸ்ட்டைச் சாக்காக வைக்கக் கூடாது என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம். காரணம் இருந்தாலோ, டெஸ்ட்டுக்குக் காத்திராமல் எடுத்தாக வேண்டும். அப்புறம் எதற்கு இந்தச் செலவு? தேதியை உறுதி செய்ய ஆரம்ப மாதத்து ஸ்கேன் போதும்.

பேக்கேஜ் என்றாலே எனக்குக் கோபம் வரும். இலவச சர்வீஸ் என்று நம்பி நான் வாங்கிய தண்ணீர் ஃபில்டருக்கு சர்வீஸ் ஆள் வரவே இல்லை. தேவையில்லாததைத் தேவையானதோடு கட்டி விற்பதுதான் இந்த வியாபாரம். ஒவ்வொன்றின் விலையையும், ஆபரேஷனுக்கான மருத்துவக் காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை என்று உண்மையான காரணம் இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், பண்டிகைத் தேதியைப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பேரனுக்கு வாங்கிய மின்சாரத் தொட்டில் இரண்டாம் நாளே நின்றுவிட்டது. ‘விற்றது திரும்ப எடுக்கப்படாது’ என்று கடையில் எழுதியிருக்கிறது. என் சேமிப்பு ஐயா அது.

பதில்: அந்த எழுத்துக்குப் பயப்படாதீர்கள் அம்மா. பழுதான பொருளுக்கு அது செல்லாது, 1999 பயனீட்டாளர் சட்டம் உங்கள் பக்கம். ரசீதோடு பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். மூன்று ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், ஆனால் இந்த வாரமே போங்கள்.